நாலரை மணிச் சாட்சி

தண்டனைக் கைதிக்குச் சமைத்த சோறு உள்ளே போகாது. சவுக்காரம், பற்பசை, பிஸ்கட், ஒரு துவாய் என்றால் பிரித்துப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். இது தெரிந்தும் றுக்கியா மூன்று வருஷமாக ஒவ்வொரு மாதமும் தேங்காய்ச் சோறும் மாசிச் சம்பலும் இலையில் கட்டி, குறிஞ்சிப்பிட்டியிலிருந்து கொழும்புச் சிறைக்கு எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் நிற்கும் பெண் காவலர் பொதியை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார். புருஷன் பதியுதீனுக்குப் பிடித்த சோற்றை மதிலோரம் குந்தியிருந்து றுக்கியா தானே தின்பாள். கோபத்தோடு தின்றால் சோறு தொண்டையில் நின்றுகொள்ளும். தண்ணீர் குடித்து இறக்குவாள்.

பிறகு அதைத் தனியே தின்ன வேண்டியிருக்கவில்லை. தலவிலையிலிருந்து பிரான்சிஸ்கா வரத் தொடங்கினாள். ஐம்பது தாண்டிய கத்தோலிக்கப் பெண். கடற்கரையில் கருவாடு காயவைக்கும் வாடியில் வேலை. உள்ளங்கை முழுக்க உப்பு வெடிப்பு. அவளுடைய ஒரே மகன் நிரோசனும் அந்த மதிலுக்குப் பின்னால்தான் இருந்தான். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வருவார்கள், ஒரே வரிசையில் நிற்பார்கள், கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று பத்து நிமிஷம் கத்திக் கதைப்பார்கள். வெளியே வந்து றுக்கியாவின் சோற்றையும் பிரான்சிஸ்காவின் பொரித்த சூடை மீனையும் பங்கிட்டுச் சாப்பிடுவார்கள். என்ன வழக்கு என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டதில்லை. அந்த வரிசையில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் தன்னுடையதையும் சொல்ல வேண்டிவரும்.

இரண்டாயிரத்துப் பதினேழாம் வருஷம் ஆகஸ்ட் மாதம் போனபோதுதான் அது நடந்தது. தலவிலை அன்னம்மாள் கோயில் திருநாளுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

"இந்த முறையாவது திருநாளுக்குப் போறீங்களா அக்கா?" என்று றுக்கியா கேட்டாள்.

"போறதில்ல. மணிச்சத்தம் வீடு வரைக்கும் கேக்கும். ரேடியோவைப் பெரிசாப் போட்டுட்டு இருந்திடுவன்."

"எங்களுக்கும் அந்தத் திருநாளால தான் அக்கா எல்லாம் வந்த. அண்டைக்குத் தலவிலக்குப் போற சனத்தால றோட்டு அடைச்சு, அவர்ட லொறி பாலாவியிலயே நிண்டுட்டு. நிக்காட்டி நாலு மணிக்கெல்லாம் ஊட்டுக்கு வந்திருப்பார்."

பிரான்சிஸ்கா மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். "எந்த வருஷம்?"

"பதினொண்டு."

"எந்த நாள்? கொடியேத்தமா, பெரிய திருநாளா?"

"பெரிய திருநாள். ஞாயித்துக்கிழமை."

"எத்தின மணிக்கு?"

"நாலரைக்கு. நாலரை மணிக்கு வெங்காய ஸ்டோர்ல இருந்து சாரமெல்லாம் ரத்தமா அவர் வெளிய வந்தாராம். கண்டவன் கோட்டில சொன்னான்."

"கண்டவன் ஆரு?"

றுக்கியா அந்தப் பெயரை வாயால் சொல்வதில்லை. வீட்டில் 'அவன்' என்றால் மகள் ஷஸ்னாவுக்குத் தெரியும். "பாலாவிச் சந்தியில த்ரீவீல் ஓடுறவன்" என்றாள்.

"ஜபாரா?"

றுக்கியா நிமிர்ந்து பார்த்தாள். பிரான்சிஸ்கா வாயில் இருந்த சோற்றை மண்ணில் துப்பிவிட்டு எழுந்து நின்றாள்.

"என்ட மகனைக் கண்டதும் அவன்தான். தலவிலயில. கடற்கரைப் பக்கம் கூடாரத்துக்குப் பின்னால கத்தியோட ஓடினதைக் கண்டானாம். பெரிய திருநாளண்டு. நாலரை மணிக்கு."

காவலர் வந்து, சத்தம் போடாதீர்கள் என்று சிங்களத்தில் சொல்லும் வரைக்கும் தாங்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

*

தலவிலையிலிருந்து பாலாவிக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். திருநாளன்று இரண்டு மணித்தியாலத்திலும் வந்து சேர முடியாது. அந்த இரண்டு ஊரிலும், இரண்டாயிரத்துப் பதினொன்றாம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஒரே ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். பாலாவியில் ஒரு வெங்காய முதலாளி. தலவிலையில் யாத்திரை வந்த ஒருவர்.

பதியுதீன் லொறியில் மூட்டை ஏற்றி இறக்குகிற நாட்டாமி. அன்று மத்தியானம் மூட்டை நனைந்ததைப் பற்றி அந்த முதலாளியோடு வாய்த்தர்க்கப்பட்டிருந்தான். நிரோசனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவன் செய்த குற்றம், திருநாளுக்கு முந்தின மாதம் கடற்கரையில் ஒரு பொலிஸ்காரரோடு முறைத்துக்கொண்டது. இரண்டு வழக்குக்கும் கண்கண்ட சாட்சி ஒருவன் மட்டும். பதியுதீனின் வழக்கு பதினாலாம் ஆண்டு முடிந்தது. நிரோசனின் வழக்கு பதினாறில். ஒரே மேல் நீதிமன்றம், ஒரே மண்டபம், ஒரே சாட்சிக் கூண்டு. நீதிபதி வேறு, அரச சட்டத்தரணி வேறு. ஜபார் இரண்டு தரம் படி ஏறி, இரண்டு தரம் சத்தியம் செய்து, இரண்டு தரம் நாலரை மணி என்று சொன்னான். இரண்டு தரமும் அவனை நம்பினார்கள். இரண்டு பேருக்கும் மரண தண்டனை. இந்த நாட்டில் தூக்கில் போடுவதில்லை. சாகும்வரை உள்ளே வைத்திருப்பார்கள்.

இரண்டு பேரின் மேன்முறையீடும் கொழும்பில் நாள் வராமல் கிடந்தது. றுக்கியாவுக்கு இலவச சட்ட உதவியில் கிடைத்த சட்டத்தரணி நிலானி. முப்பது வயதுகூட இராது. வழக்கேட்டின் பிரதிகள் சிங்களத்தில் இருந்தன. பிரான்சிஸ்காவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். நிலானியின் சின்ன அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, இரண்டு வழக்கிலும் ஜபார் சொன்னதை அவள் விரல் வைத்து வாசித்து, வரி வரியாகத் தமிழில் சொன்னாள். ஒன்றில் அவன் பகல் பன்னிரண்டிலிருந்து மாலை ஆறு வரை பாலாவியில் த்ரீவீலைத் திருத்திக்கொண்டிருந்தான். மற்றதில் அதே பன்னிரண்டிலிருந்து ஆறு வரை தலவிலையில் ஹயருக்கு ஆள் பார்த்துக்கொண்டு நின்றான்.

நிலானி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "இது பெரிய விசயம், றுக்கியா அக்கா. ஆனா புதுச் சாட்சியத்தை அப்பீல்ல சும்மா எடுக்க மாட்டாங்க. மூண்டு கேள்வி கேப்பாங்க. வழக்கு நடக்கேக்க இதை ஏன் கொண்டுவரேல்ல? இது நம்பக்கூடியதா? இது அப்பவே இருந்திருந்தா தீர்ப்பு மாறியிருக்குமா?"

"ஏன் கொண்டுவரல்லயா?" றுக்கியாவின் குரல் உயர்ந்தது. "நான் வெங்காயம் புடுங்குறவள் மிஸ். அவன் வேற எங்கெங்க பொய் சொன்னான் எண்டு நான் எந்தக் கந்தோர்ல போய்க் கேக்குற?"

"எனக்குத் தெரியும் அக்கா. ஆனா கேப்பாங்க."

*

சோளகக் காற்று அடித்து ஓய்ந்து, மழை பெய்து, அடுத்த நடுகைக்கு நிலம் கொத்தி, வெங்காயம் விளைந்தது. வெயிலில் வரிசையாகக் குந்தியிருந்து தாள் அறுக்கும் பெண்கள் றுக்கியாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இடம் விட்டே உட்கார்ந்தார்கள். ஆறு வருஷமாக அப்படித்தான். அவளுடைய வீட்டுக்கு 'கொலைகாரன்ட ஊடு' என்று பெயர். ஷஸ்னா பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வருவது நின்று, அழாமல் வரத் தொடங்கியிருந்தாள். றுக்கியாவுக்கு அதுதான் அதிகம் கோபத்தைத் தந்தது.

அப்பீலுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு ஒரு மாதம் முந்தி நிலானி அவளை வரச்சொல்லி ஒன்றைச் சொன்னாள்.

"அரசாங்கத் தரப்பு எப்பிடி வாதாடப் போறாங்க எண்டு தெரிஞ்சிட்டுது. உங்கட வழக்கில சொல்லுவாங்க, 'ஜபார் தலவில பற்றிப் பொய் சொல்லியிருக்கலாம், பாலாவியில சொன்னது உண்மை' எண்டு. பிரான்சிஸ்காட வழக்கில வேற ஒரு அரச சட்டத்தரணி நிண்டு, 'பாலாவி தான் பொய், தலவில உண்மை' எண்டுவார்."

"ஒரே அரசாங்கமா?"

"ஒரே அரசாங்கம் தான்."

றுக்கியா சிரித்தாள். நிலானிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

"இதை உடைக்கிறதுக்கு லேசான வழி இருக்கு அக்கா. அவன் தலவிலயில தான் நிண்டான் எண்டு நாங்க சொல்றது. திருநாளுக்கு ஹயர் ஓட த்ரீவீல்காரர் எல்லாரும் அங்க தானே போவாங்க. நம்பக்கூடிய கதை."

"அப்ப நிரோசன்?"

நிலானி வழக்கேட்டை மூடி வைத்தாள்.

அதே கிழமையிலிருந்து பிரான்சிஸ்கா தொலைபேசியை எடுக்காமல் விட்டாள். சிறைக்குப் போகும் பஸ்ஸிலும் காணவில்லை. நாலாம் தரம் அழைத்தும் எடுக்காதபோது றுக்கியா அபாயாவை மாட்டிக்கொண்டு தலவிலைக்கு பஸ் ஏறினாள்.

*

பிரான்சிஸ்கா வாடிக்கு முன்னால் பாயில் நெத்தலி பரப்பிக்கொண்டிருந்தாள். காற்று மண்ணை அள்ளி மீனில் போட, கையால் தட்டித் தட்டிப் புரட்டினாள். றுக்கியாவைக் கண்டும் குனிந்தபடியே இருந்தாள்.

"ஏனக்கா போன் எடுக்குறயில்ல?"

"வேலை."

"என்னப் பாத்துச் சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்றது? எங்கட வழக்குப் பேசுற அப்புக்காத்து சொல்லிப்போட்டார், உன்னோட கதைக்க வேண்டாமாம். எங்கட கடதாசி ஒண்டும் உங்களுக்குக் குடுக்க வேண்டாமாம். ஜபார் பாலாவியில நிக்கேல்ல எண்டு உன்ட வழக்கில முடிவாச்செண்டா, பிறகு அவன் எங்க நிண்டான்? தலவிலயில தான் நிண்டான் எண்டுவாங்க. என்ட பிள்ளை முடிஞ்சான்."

"அப்ப ஒங்கட அப்புக்காத்து என்ன சொல்லப் போறாராம்?"

பிரான்சிஸ்கா நெத்தலியை அளைந்துகொண்டே இருந்தாள்.

"சொல்லுங்கக்கா. அவன் பாலாவியில தான் நிண்டான் எண்டா? என்ட மனுசன் ரத்தத்தோட வந்ததைக் கண்டது உண்மை எண்டா?"

"அவர் படிச்ச மனிசன். அவர் சொல்றதைச் சொல்லுவார்."

"அல்லாஹ்வே!" றுக்கியா பாயின் விளிம்பைக் காலால் தள்ளினாள். ஒரு பிடி நெத்தலி மண்ணில் சிதறியது. "ஒரு வருஷம் என்ட சோத்தத் திண்டீங்களே. அவர் வெட்டினவர் எண்டு நெனச்சா திண்டீங்க?"

"நான் நினைக்கேல்ல! நான் நினைச்சா என்ன, நினைக்காட்டி என்ன? என்னட்ட ஆர் கேட்டது?" பிரான்சிஸ்கா இப்போது நிமிர்ந்து கத்தினாள். பக்கத்து வாடியில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எனக்கு ஒரு பிள்ளை புள்ள. ஒண்டே ஒண்டு. உன்ட மனுசன் நல்லவனெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு தான் இதைச் செய்யப் போறன். நீயும் அதைத்தானே செய்யப் போறாய்? உன்ட மிஸ் என்ன சொன்னா? சொல்லு, என்ன சொன்னா?"

நிலானி சொன்னது றுக்கியாவின் காதுக்குள் இருந்தது. வாய்க்குள் மண் கடிபட்டது. அவள் குனிந்து, தள்ளிவிட்ட நெத்தலியைப் பொறுக்கிப் பாயில் போட்டுவிட்டு, சொல்லாமலே நடந்தாள்.

*

ஊருக்குப் போகும் பக்கம் நிற்காமல் எதிர்ப் பக்கம் நின்று, வந்த பஸ்ஸில் ஏறிப் பாலாவியில் இறங்கினாள். என்ன செய்யப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. சந்தியில் சீமெந்து லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. அரச மரத்தடியில் ஆறேழு த்ரீவீல் நின்றன. மூன்றாவதில் ஜபார் இருந்தான். மெலிந்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தான். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்க ராத்தா?" கண்ணாடியில் பார்க்காமலே கேட்டான்.

"தலவிலக்கு."

அவன் வண்டியை எடுத்தான். சந்தி தாண்டி உப்பளப் பக்கம் திரும்பியதும் அவள் கேட்டாள்.

"அங்க ஒருத்தனக் கண்டுட்டு நாலரைக்கே திரும்பிப் பாலாவிக்கு வரலாமா?"

வண்டி தடுமாறி ஓரத்தில் நின்றது. ஜபார் திரும்பிப் பார்த்தான். இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள். தென்னங்கிடுகு போட்டு மூடிய உப்புக் குவியல்கள். வெயிலில் எல்லாம் கண்ணைக் கூசவைத்தன. ஒரு கூலியாளும் கிட்டத்தில் இல்லை.

"ராத்தா, இறங்குங்க. எனக்குக் கரச்சல் வேணாம்."

"ஒனக்குக் கரச்சல் வேணாமா? எங்கடா நிண்ட நீ? பாலாவியா, தலவிலயா? ஒண்டு சொல்லு. எனக்கு ஒண்டு போதும்."

அவன் கைப்பிடியைப் பிடித்தபடி குனிந்திருந்தான். எஞ்சினை நிறுத்திவிட்டுச் சொன்னான்.

"ரெண்டு இடத்திலயும் நான் இல்ல."

"என்ன?"

"நான் பொலிஸ் கூட்டுக்க இருந்த ராத்தா. சனிக்கிழம என்னப் போதைத் தூளோட புடிச்சாங்க. திங்கள் வரைக்கும் உள்ளுக்க வெச்சிருந்தாங்க. பொத்தகத்துல எழுதல்ல. திங்கள் காலம்பற பெரியவர் ஒரு கடதாசி தந்து, ஒப்பம் வெச்சுட்டுப் போ எண்டார். பாலாவிக் கத அதுல எழுதி இரிந்த. நான் வாசிக்கவும் இல்ல. ஒரு கிழமைக்குப் பொறகு மத்தப் பொலிஸ்ல இருந்து இன்னொருத்தர் வந்தார். தலவிலக் கத. நான் சொன்ன, சேர், அதே நாள் சேர், அதே நேரம் சேர் எண்டு. ஒனக்குக் கடிகாரம் பாக்கத் தெரியுமாடா எண்டு கேட்டு அடிச்சார்."

றுக்கியா முன் சீட்டின் கம்பியைப் பிடித்தாள்.

"ஏழு வருஷம்" என்றாள். "என்ட மனுசன் ஏழு வருஷமா உள்ளுக்க இரிக்கார். நீ பகல்ல ஹயர் ஓடுற. ராவைக்கு ஊட்ட போய்த் திங்குற."

"எனக்கும் புள்ள இரிக்கி ராத்தா."

"வந்து கோட்டில சொல்லு. இப்ப சொன்னதை அப்படியே சொல்லு."

"ஏலா. சொன்னா என்னத் தான் உள்ளுக்க போடுவாங்க. நீங்க சொன்னாலும் நான் இல்லெண்டு தான் சொல்லுவன்."

அவள் எட்டி வண்டியின் சாவியைப் பிடுங்கினாள். அவன் என்ன ஏது என்று பார்ப்பதற்குள் இறங்கி, முழுப் பலத்தோடு உப்புப் பாத்திக்குள் எறிந்தாள். 'களுக்' என்று ஒரு சத்தம். ஜபார் திட்டவில்லை, அவளைப் பிடிக்கவும் இல்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் அளவு உப்புத் தண்ணீரில் இறங்கித் துழாவினான். அவனை அடித்திருந்தால்கூட ஆத்திரம் கொஞ்சம் தணிந்திருக்கும். அவள் சந்தி வரைக்கும் வெயிலில் நடந்தாள்.

*

அடுத்த நாள் விடிந்ததும் றுக்கியா திரும்பத் தலவிலைக்குப் போனாள். இந்த முறை பிரான்சிஸ்கா அவளைக் கண்டதும் எழுந்து நின்றாள். சண்டைக்குத் தயாராக நின்றவளிடம் றுக்கியா உப்பளத்தில் கேட்டது முழுவதையும் சொன்னாள். பிரான்சிஸ்கா மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தாள்.

"ரெண்டிலயும் இல்லயா?"

"ரெண்டிலயும் இல்ல."

"சேசுவே. அவனை வைச்சு நாங்க ரெண்டு பேரும் அடிபட்டமே."

"ஒங்கட அப்புக்காத்துட்டச் சொல்லுங்க, அவன் பாலாவியில நிண்டான் எண்டு சொல்லப்படாது. நான் என்ட மிஸ்ட்டச் சொல்லுறன், தலவிலயில நிண்டான் எண்டு சொல்லப்படாது."

நிலானி ஒத்துக்கொள்ள நேரம் எடுத்தது. "ஜபார் உங்களிட்டச் சொன்னதை நான் கோட்டுக்குக் கொண்டுபோகேலாது அக்கா. அவன் மறுப்பான். நீங்க குற்றவாளிட மனுசி. புருசனைக் காப்பாத்தச் சொல்றா எண்டுவாங்க. உங்கட சொல்லுக்கு ஒரு பெறுமதியும் இல்ல. மற்றது, தலவில வாதத்தைக் கைவிட்டா எங்கட பக்கம் கொஞ்சம் பலவீனம்."

"என்ட மனுசன் வெளிய வர, அவட மகன் உள்ளயே கிடக்கணுமா? அப்படி வந்தா நான் அவர்ட மொகத்தப் பாக்க ஏலுமா மிஸ்? ரெண்டு இடத்தில நிண்டதாச் சத்தியம் பண்ணினவன், அவனை எந்த இடத்திலயும் நம்பேலாது. அது மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல ஒண்டும் வேணாம்."

நிலானி அதை மட்டும் சொன்னாள். பிரான்சிஸ்காவின் சட்டத்தரணியும், விருப்பமில்லாமல், அதையே சொன்னார்.

இரண்டு வழக்கையும் வெவ்வேறு நீதிபதிகள் விசாரித்தார்கள். மூன்று கிழமை இடைவெளியில் தீர்ப்பு வந்தது. முதலாவது பதியுதீனுடையது. ஜபாரின் இரண்டாவது சாட்சியம், பதியுதீனின் வழக்கு முடிந்து இரண்டு வருஷத்துக்குப் பிறகே பிறந்தது. ஆகவே அதை அப்போது யாராலும் கொண்டுவந்திருக்க முடியாது. அது புதுச் சாட்சியம். அதை முன்னமே கேட்டிருந்தால் இந்தச் சாட்சியை நம்பித் தண்டித்திருக்க முடியாது. குற்றத் தீர்ப்பு ரத்து.

மூன்று கிழமைக்குப் பிறகு நிரோசனுடைய தீர்ப்பு. ஜபாரின் முதலாவது சாட்சியம் நிரோசனின் வழக்குத் தொடங்கும்போதே அதே நீதிமன்றத்தின் ஆவண அறையில் இருந்தது. நியாயமான முயற்சி எடுத்திருந்தால் குற்றஞ்சாட்டப்பட்டவர் தரப்பு அதைப் பெற்றிருக்கலாம். ஆகவே அது புதுச் சாட்சியம் அல்ல. மேன்முறையீடு தள்ளுபடி.

றுக்கியா அன்று பிரான்சிஸ்காவோடு போயிருந்தாள். சட்டத்தரணி விளங்கப்படுத்திவிட்டுக் கறுப்பு அங்கியைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு போனார். நீதிமன்ற வளவில் கோப்புகளோடு ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பிரான்சிஸ்கா படியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"அதே கட்டடத்தில இருந்ததாம்" என்றாள். "ஓம், இருந்தது. அந்தக் கட்டடத்தில நீதிபதி இருந்தார். அரசாங்க அப்புக்காத்து இருந்தார். பொலிஸ் நிண்டது. ஜபாரே நிண்டான், அதே கூண்டில, ரெண்டு தரம். ஒருத்தருக்கும் அது தெரியேல்ல. வாடியில கருவாடு காய வைக்கிற நான் போய்த் தேடியிருக்க வேணுமாம். நான்!"

றுக்கியா அவளுடைய தோளைப் பிடித்தாள். பிரான்சிஸ்கா கையைத் தட்டிவிட்டாள்.

"நீ போ. உனக்கு மனுசன் வந்திட்டான். போ."

*

பதியுதீன் வீட்டுக்கு வந்த அன்று, ஏழு வருஷம் ஸலாம் சொல்லாதவர்கள் வாழைப்பழச் சீப்போடு வந்தார்கள். எங்களுக்கு அப்பவே தெரியும் என்றார்கள். றுக்கியா பழத்தை வாங்கி, அவர்கள் போனதும் ஆட்டுக்குப் போட்டாள். ஷஸ்னா வாப்பாவைப் பார்த்துக்கொண்டே கதவோரம் நின்றாள். அவன் போகும்போது எட்டு வயது. இப்போது அவனுடைய தோளுக்கு வளர்ந்திருந்தாள்.

பதியுதீன் அதிகம் கதைக்கவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து, வாளியால் அள்ளிக் காலில் ஊற்றிக்கொண்டேயிருப்பான். வாகனச் சத்தம் கேட்டால் வீட்டுக்குள் போய்விடுவான். பாலாவிப் பக்கம் போக மாட்டேன் என்றான். லொறி வேலையும் வேண்டாம் என்றான்.

இரண்டு மாதம் கழித்து நிலானி அழைத்தாள். நிரோசனுக்காக உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போடுகிறார்கள். பிரான்சிஸ்கா இப்போது அவளிடம் வந்திருக்கிறாள்.

"அக்கா, ஜபார் உப்பளத்தில சொன்னதை நீங்க இப்ப சத்தியக் கடதாசியாத் தந்தா அதுக்குப் பெறுமதி இருக்கு. இப்ப நீங்க குற்றவாளிட மனுசி இல்ல. நிரோசனுக்கு நீங்க சொந்தமும் இல்ல. வெல்லும் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா அதில பொலிஸ் வரும். யோசிச்சுச் சொல்லுங்க."

இரவுச் சாப்பாட்டுக்குப் பாண் வெட்டிக்கொண்டே றுக்கியா புருஷனிடம் சொன்னாள். பதியுதீன் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"வேணாம் றுக்கி."

"பிரான்சிஸ்கா அக்கா இல்லாட்டி நீங்க இண்டைக்கு இந்தக் கதிரையில இரிக்க மாட்டீங்க."

"தெரியும். எனக்குத் தெரியாதா? கடைசி வருஷம் உள்ளுக்க அந்தப் பொடியன் எனக்கு உடுப்புத் தோச்சுத் தந்தவன். காய்ச்சல் நேரம் பக்கத்துல இருந்தவன்." அவன் வாசல் பக்கம் பார்த்தான். "ஆனா எனக்கு ஏலா. வாசல்ல ஜீப் ஒண்டு வந்து நிண்டா நான் மவுத்தாயிடுவன். நீ ஒப்பம் வெச்சா அவங்க வருவாங்க. ஒன்ன ஒண்டும் செய்ய மாட்டாங்க. என்னத் தான் ஏத்துவாங்க."

"என்னத்துக்கு ஏத்துற?"

"முந்தி என்னத்துக்கு ஏத்தின?"

றுக்கியாவுக்கு அவன் மேலும் கோபம் வந்தது. வந்த கோபத்தை வைக்க இடமில்லாமல் பாண் கத்தியைக் கழுவி, துடைத்து, திரும்பக் கழுவினாள். இந்த மனிதன் கல்லுப் போன்ற மூட்டைகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் தோளில் சுமந்தவன். வாகனச் சத்தத்துக்கு ஒளிகிறவனாக அவனை ஆக்கி அனுப்பியிருக்கிறார்கள். ஒருவரும் வந்து மன்னியுங்கள் என்று சொல்லவில்லை. ஜபார் மேல் ஒரு வழக்கும் இல்லை. கடதாசி நீட்டிய பெரியவர் பதவி உயர்ந்து வேறு ஊருக்குப் போய்விட்டாராம்.

"நீங்க ஒங்கட ராத்தாட ஊட்ட கொஞ்ச நாள் போய் இரிங்க" என்றாள் கடைசியில். "ஷஸ்னாவையும் கூட்டிக்கிட்டுப் போங்க. நான் இஞ்ச இரிக்கன். ஜீப் வந்தா நான் கதைக்கன்."

அவன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

நிலானி தொலைபேசியில் கேட்டு எழுதினாள். சாவி எறிந்த இடம் வந்ததும் நிறுத்தினாள். "இது வேண்டாம் அக்கா. அவன்ல உங்களுக்குக் கோபம், அதால சொல்றீங்க எண்டுவாங்க."

"கோபம் தானே மிஸ். கோபம் இல்லாட்டி நான் என்னத்துக்கு அவன்ட த்ரீவீல்ல ஏறின? போடுங்க. நான் செஞ்சதை நானே மறைச்சா, அவன் சொன்னதை ஆர் நம்புவாங்க?"

கடதாசி தபாலில் வந்தது. புதன்கிழமை பகல் அதை எடுத்துக்கொண்டு பாலாவியில் இருக்கும் சமாதான நீதவானிடம் போனாள். ஓய்வுபெற்ற தபாலதிபர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, ஒவ்வொரு பந்தியையும் உரக்க வாசித்து, விளங்குதா விளங்குதா என்று கேட்டார். பொலிஸ் கூட்டைப் பற்றிய பந்தியில் அவருடைய குரல் இறங்கியது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தெரிஞ்சு தான் வெக்கிறீங்களா தங்கச்சி?"

"ஓம்."

"இந்த நிரோசன் ஒங்களுக்கு என்ன சொந்தம்?"

"ஒரு சொந்தமும் இல்ல."

"ஊருமில்ல, மார்க்கமுமில்ல. ஒங்கட மனுசன் ஊட்டுக்கு வந்துட்டார். பொறகு இதில நீங்க ஆரு?"

றுக்கியா கையை நீட்டி அவருடைய பேனாவை எடுத்தாள்.

"நான் சாட்சி" என்றாள்.